பிரஷ் விரிந்தால் பல் சுத்தமாகாது



வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு வரும், எண்ணெய் எத்தனை நாளைக்கு வரும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பல் தேய்க்கும் பிரஷ் வாங்கி எத்தனை மாதம் ஆச்சு என்று கேட்டால் யோசிப்போம். "கைப்பிடி உடையலையே, இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்போம். பிள்ளைகளுக்குப் புதுசு வாங்கினாலும் நமக்கென்று வாங்க மனசு வராது. பிரஷ்ஷின் ஆயுள் கைப்பிடியில் இல்லை, அதன் நாரில்தான் இருக்கிறது.

பிரஷ் என்ன வேலை செய்கிறது?

பல்லின் மேல் தினமும் பிசுபிசுப்பான ஒரு படலம் படிகிறது. அதில் உள்ள கிருமிகள் நாம் சாப்பிடும் இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம்தான் பல்லை அரித்துச் சொத்தையாக்குகிறது. ஈறு ஓரத்தில் படலம் தங்கினால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். நாளாக ஆக அது கெட்டியாகிக் காரையாகிவிடும். காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது, பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

நேராக நிற்கும் நாரின் நுனி ஈறு ஓரத்திலும் பல் இடுக்கிலும் போய்ப் படலத்தை எடுக்கும். விரிந்து வளைந்த நார் மேலாக வழுக்கிக்கொண்டு போகும். தேய்ந்த துடைப்பத்தால் மூலையைக் கூட்டுவது போலத்தான் இது. நுரை வரும், வாய் மணக்கும். அழுக்கு மட்டும் இடுக்கிலேயே இருக்கும்.

எப்போது மாற்றுவது?

* 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பொங்கல், சித்திரை, ஆடிப்பெருக்கு, தீபாவளி என்று கணக்கு வைத்தால் மறக்காது.
* பிரஷ்ஷின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். ஓரத்தில் நார் வெளியே தெரிந்தால் நாள் பார்க்காமல் மாற்றுங்கள்.
* குழந்தைகள் பிரஷ்ஷைக் கடிப்பார்கள். அவர்களுடையதை அடிக்கடி பாருங்கள்.

ஒரே மாதத்தில் விரிந்தால்?

நாம் அழுத்தித் தேய்க்கிறோம் என்று அர்த்தம். பாத்திரம் விளக்குவது போலத் தேய்த்தால் ஈறு கீழிறங்கும், பல் தேய்ந்து கூச்சம் வரும். கடையில் 'சாஃப்ட்' பிரஷ் என்று கேட்டு வாங்குங்கள். ஈறு ஓரத்தில் கொஞ்சம் சாய்த்து வைத்து, காலையும் இரவும் 2 நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் போதும். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் நல்லது. செங்கல் தூள், கரித்தூள் வேண்டாம், அவை பல்லைத் தேய்த்துவிடும்.

தேய்த்ததும் பிரஷ்ஷை நன்றாக அலசி, உதறி, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். ஒருவர் பிரஷ்ஷை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. பழைய பிரஷ் சீப்பு கழுவவும் தையல் மெஷினில் தூசி தட்டவும் உதவும்.

செலவு எவ்வளவு?

ஒரு பிரஷ் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் 4 பேர், வருடத்துக்கு 4 முறை என்றால் 320 ரூபாய். மாதத்துக்கு 27 ரூபாய்கூட ஆகாது. பல் வலி வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, மருந்துச் செலவு வேறு. அதற்குக் குழுவில் கடன் வாங்குவதைவிட இது லாபம்தானே!

புது பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தும் இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் கசிந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

இன்று இரவு வீட்டில் எல்லோருடைய பிரஷ்ஷையும் எடுத்துப் பாருங்கள். அம்மாவின் பிரஷ்தான் ரொம்பத் தேய்ந்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள்!