நகம் பதிந்திருக்கிறதா, பாருங்கள்

மலையடிவாரத்து ஊர்களில் தோட்டத்து ஈரமண்ணில் ஒரு தடம் தெரிந்தால் போதும், "சிறுத்தை வந்துடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் படம் பரவிவிடும். அது தெருநாயின் தடமாக இருப்பதும் உண்டு.

வித்தியாசம் நகத்தில் இருக்கிறது. புலியும் சிறுத்தையும் நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான்கு விரல்களும், பின்விளிம்பில் மூன்று வளைவுகள் கொண்ட அகன்ற மெத்தையும் மட்டுமே பதியும். தடம் வட்டமாகத் தெரியும். நாய், செந்நாய், நரிக்கு நகம் உள்ளே போகாது. தடம் நீண்டிருக்கும், விரல்களுக்கு முன்னால் நகக்குறி விழும். கழுதைப்புலிக்கும் நகம் பதியும். ஆனால் அதன் முன்பாதம் பின்பாதத்தைவிடப் பெரியது.

கரடி உள்ளங்காலை ஊன்றி நடப்பதால் அதன் பின்பாதத் தடம் மனிதக் காலடி போலவே இருக்கும். கறையான் புற்றைப் பெயர்க்கும் முன்கால் நகங்கள் விரல்களைவிட்டுத் தள்ளிப் பதியும். யானைக்கு முன்பாதம் வட்டம், பின்பாதம் நீள்வட்டம். முன்பாதச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால், ஏறக்குறைய அதன் தோள் உயரம் கிடைத்துவிடும். யானையைப் பார்க்காமலே அது குட்டியா பெரியதா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் மண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சேற்றில் தடம் விரிந்து பெரிதாகும். வழுக்கும் இடத்தில் புலியும் நகத்தை ஊன்றும். இதை மறந்ததன் விலை பெரிது. ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1966இல் உருவாக்கிய முறைப்படி, கண்ணாடித் தகட்டில் தடத்தை வரைந்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காண முயன்றார்கள். 1972இல் நாடு முழுவதும் அப்படித்தான் புலிகள் எண்ணப்பட்டன. ராஜஸ்தானின் சரிஸ்காவில் கணக்கேட்டில் புலிகள் இருந்தன; காட்டில் ஒன்றுகூட இல்லை என்பது 2005இல் உறுதியானது. அதன்பிறகே புலியின் வரிகளைப் படம்பிடிக்கும் தானியங்கிக் கேமராக்கள் நாடு தழுவிய கணக்கெடுப்புக்கு வந்தன.

இதனால் தடம் படிக்கும் கலை பயனற்றதாகிவிடவில்லை. எந்த விலங்கு, எந்தப் பக்கம் போனது என்பதைத் தடம் தெளிவாகவே சொல்லும். கேமராவை எந்தப் பாதையில் கட்டுவது என்று முடிவுசெய்வதற்கே அந்தக் கண் வேண்டும். முதுமலையிலும் ஆனைமலையிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கும் பழங்குடியினரிடம் அது இருக்கிறது. அந்த அறிவுக்கு உரிய மதிப்பையும் ஊதியத்தையும் நாம் இன்னும் தரவில்லை என்பதே என் கருத்து.

உங்கள் தோட்டத்தில் தடம் கண்டால், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, நேர் மேலிருந்து படமெடுங்கள். ஒன்றை மட்டுமல்ல, வரிசையாக நாலைந்து தடங்களை எடுங்கள். நகக்குறி இல்லையென்றால் தடத்தைப் பின்தொடராதீர்கள். ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, படத்தை முதலில் வனத்துறைக்கு அனுப்புங்கள்.