தெருவோரம் நடப்போர்க்கே உரியது

ஒரு கிராமத்தின் வளர்ச்சியை அளக்கப் பல அளவுகோல்கள் உண்டு. பள்ளிக்கூடம், குடிநீர்த் தொட்டி, தெரு விளக்கு ஆகியவற்றை எண்ணிக் காட்டுகிறோம். ஆனால் கண்பார்வை குன்றிய ஒரு மூதாட்டி, பிறர் துணையின்றி, தம் வீட்டிலிருந்து ரேஷன் கடை வரை நடந்து சென்று திரும்ப முடியுமா என்று நாம் கேட்பதில்லை. ‘முடியும்’ என்று விடை கூறத்தக்க தெருவே செம்மையான தெருவாகும்.

திருவதிகை காட்டும் வழி

கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை இன்று பண்ருட்டி நகராட்சியைச் சேர்ந்தது. ஆயினும் அது காட்டும் பாடம் சுற்றியுள்ள ஊராட்சிகள் அனைத்திற்கும் உரியது. ஏழாம் நூற்றாண்டில் திலகவதியார் இங்குள்ள வீரட்டானத் திருக்கோயிலில் அலகிட்டு, மெழுகித் தொண்டு புரிந்தார். அவர்தம் தம்பியார் திருநாவுக்கரசர் உழவாரப் படை ஏந்தித் தலந்தோறும் சென்று, திருச்சுற்றுகளில் மண்டிய புல்லையும் முள்ளையும் களைந்தார். வலம் வருவோரின் வெறுங்காலில் முள் தைக்கலாகாது என்பதே அத்தொண்டின் பயன். நடப்போர்க்கு வழி செப்பனிடுவது நமக்குப் புதிய கொள்கையன்று.

தேர் வரும் நாளில் வீதியில் நீட்டிய பந்தலையும் கூரையையும் நாமே மனமுவந்து அகற்றுகிறோம். தேருக்கு ஒரு நாள் விடும் வழியை மனிதருக்கு எல்லா நாளும் விடலாகாதா?

ஏன் இந்தக் கவலை?

2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர். பலாப்பழப் பருவத்தில் பண்ருட்டிச் சாலைகளில் சுமை லாரிகள் மிகுதி. ஓரம் பள்ளமாகவோ, முட்புதராகவோ இருந்தால், பள்ளிச் சிறுவரும் முந்திரித் தொழிலுக்குச் செல்லும் பெண்களும் லாரி ஓடும் தார்ப்பரப்பிலேயே நடக்க நேரிடுகிறது.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, கிராமச் சாலைகளைப் பராமரித்தல், விளக்கிடுதல், வடிகால் அமைத்தல் ஆகியவற்றை ஊராட்சியின் கடமைகளாக 110 ஆம் பிரிவில் விதித்துள்ளது. தடையற்ற நடைபாதையைப் பெறுவது, உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது.

செய்யத்தக்கவை

1. சக்கர நாற்காலி ஒன்று செல்லக் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். எதிரெதிரே இரண்டு செல்ல 1.8 மீட்டர் வேண்டும். பள்ளி, சுகாதார நிலையம், பஸ் நிறுத்தம் ஆகியவற்றிற்குச் செல்லும் வழிகளில் முதலில் இவ்வகலத்தை ஒதுக்குக.

2. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. ஏறி இறங்கும் இடங்களில் சாய்தளம் அமைக்க வேண்டும். ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது விதி; ஆகவே 15 சென்டிமீட்டர் ஏற 180 சென்டிமீட்டர் நீளம் தேவை.

3. வடிகாலின் மேல் உறுதியான பலகைக் கற்களைச் சமமாகப் பதித்தால், அதுவே நடைபாதையாகும். குறுகிய தெருக்களுக்கு இதுவே சிக்கனமான முறை. கைத்தடியோ சக்கரமோ சிக்கும் இடைவெளி இருக்கலாகாது. தூர் வாரத் தூக்கிய கல்லை அன்றே மீண்டும் பொருத்த வேண்டும்.

4. தானியத்தைச் சாலையில் உலர்த்துவதும், வைக்கோலைக் குவிப்பதும், மாட்டையும் டிராக்டரையும் ஓரத்தில் நிறுத்துவதும் தவிர்க்கத்தக்கவை. ஆனால் உலர்களம் இல்லாத ஊரில் விவசாயியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. களம் அமைத்துத் தருவதும் ஊராட்சியின் பொறுப்பேயாம்.

5. நடைபாதை அமைக்க இயலாத சாலைகளில், எதிரே வரும் வாகனம் கண்ணில் படுமாறு வலப்புறமாக நடக்கும் பழக்கத்தைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும்.

வாயிற்படி வழக்கு

இப்பணியில் கடினமானது, தெருவில் நீண்டுள்ள வாயிற்படிகளை ஒழுங்கு செய்வதேயாகும். அண்டை வீட்டாரின் பகைக்கு அஞ்சிப் பலர் இதனைத் தள்ளிப்போடுகின்றனர். உண்மையில் எல்லாக் குற்றமும் வீட்டுக்காரருடையதன்று. பழைய சாலையின் மேலேயே மீண்டும் மீண்டும் புதிய சாலை போட்டதால் வீடுகள் தாழ்ந்தன. மழைநீருக்கு அஞ்சிய மக்கள் வாயிலை உயர்த்திப் படியை வெளியே நீட்டினர். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 இல் மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். வேலை நடக்கும்போதே இதனைக் கவனித்துக் கேட்பது ஊராரின் கடமை.

இருக்கும் படிகளைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம். தெரு முழுவதையும் ஒரே கயிற்றால், எல்லோர் முன்னிலையிலும் அளக்க வேண்டும். முதலில் ஊராட்சியின் அறிவிப்புப் பலகையும் கொடிக் கம்பங்களும் நகரட்டும். அடுத்து உறுப்பினர்களின் வீட்டுப் படிகள் திருத்தப்படட்டும். அதன் பின்னர் ஏழையின் வாயிலுக்குச் சென்றால், அவர் மறுக்க மாட்டார்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு முன்பாக, ஊரில் உள்ள முதியோர் ஒருவரையும், கர்ப்பிணி ஒருவரையும், மாற்றுத் திறனாளி ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு பிரதான தெருவில் நடந்து பாருங்கள். அவர்கள் தயங்கி நின்ற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பே தீர்மானமாகட்டும், அத்தீர்மானம் அவ்வாண்டிலேயே வேலையாகட்டும்.