மாத்திரைக்கு மசியாத புற்று

புராஸ்டேட் புற்றுநோய் பரவிவிட்டது என்றதும் மருத்துவர்கள் முதலில் குறிவைப்பது டெஸ்டோஸ்டிரோனை. அந்த ஆண் ஹார்மோனை அடக்கினால் புற்று சுருங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய மாத்திரைகளும் அந்த வழிதான். அபிராடெரோன் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கிறது. என்சாலுடமைட், செல்லுக்குள் ஹார்மோன் போய் ஒட்டும் ஏற்பியை அடைக்கிறது.

சிலருக்கு இரண்டும் பலிப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் இது. மரபணுவின் நகலைச் செல் அப்படியே பயன்படுத்தாது. தையற்காரர் துணியை வெட்டித் தைப்பதுபோல், சில துண்டுகளை நீக்கி மற்றவற்றை இணைக்கும். வெட்டு மாறினால் அதே மரபணுவிலிருந்து வேறு புரதம் வரும். அப்படி உருவாகும் ஏ.ஆர்.-வி7 என்ற ஏற்பியில் ஹார்மோன் ஒட்டும் பகுதியே கிடையாது. ஹார்மோன் இல்லாமலேயே புற்றை வளரத் தூண்டிக்கொண்டிருக்கும். அடைக்க வேண்டிய இடமே இல்லாதபோது மாத்திரை எதை அடைக்கும்?

2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், இந்த மருந்துகளைத் தொடங்கிய 62 பேரின் ரத்தத்தில் இதைத் தேடினார்கள். ஏ.ஆர்.-வி7 இருந்த 18 பேரில் ஒருவருக்குக்கூட, புற்றின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் புரதத்தின் அளவு பாதியாகக் குறையவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாதது. இத்தகையவர்களுக்கும் டோசிடாக்செல் போன்ற கீமோ மருந்துகள் வேலை செய்யக்கூடும் என்பது ஆறுதல்.

ஆகவே, மாத்திரை சாப்பிட்டும் பி.எஸ்.ஏ. ஏறினால், அதையே ஏன் தொடர வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கலாம். அது மரியாதைக் குறைவல்ல. ஏ.ஆர்.-வி7 பரிசோதனை எல்லோருக்கும் செய்யும் வழக்கமான ஒன்றல்ல. யாராவது பரிந்துரைத்தால், "முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?" என்று முதலில் கேளுங்கள். மாறாது என்றால் காசு மிச்சம்.

பதில் திருப்தி தராவிட்டால் வேறொரு மருத்துவரையும் பார்க்கலாம். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமை சாசனம், வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதையும் உரிமையாகச் சொல்கிறது. பதிவுகளைத் தர மறுத்தால் மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையமும் உண்டு.

ஒன்றுக்கு மட்டும் இரண்டாவது கருத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்தப் புற்று பெரும்பாலும் எலும்புக்குத்தான் பரவும். கடுமையான முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.