இடது ஆள்காட்டி விரலின் வேலை

பேக்பைப் ஒலிக்கத் தொடங்கினால் நடுவில் நிற்காது. வாசிப்பவர் மூச்சை உள்ளிழுக்கும் நேரத்திலும் கைக்கடியில் இருக்கும் பை காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சீவாளி வாயில் இல்லை, குழலுக்குள் இருக்கிறது. அதனால் நாவால் தட்டி ஒரு ஸ்வரத்தை நிறுத்த வழியில்லை. அழுத்தி ஊதி ஒரு ஸ்வரத்தை மட்டும் ஓங்கி ஒலிக்கச் செய்யவும் முடியாது, சுருதிதான் விலகும். அப்படியானால் ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் என்ன செய்வது? 'ஸ்காட்லாந்து தி பிரேவ்' மெட்டு அப்படித்தான் தொடங்குகிறது. முதல் இரண்டும் கீழ் 'ஏ'. வெறுமனே வாசித்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே நீள ஒலியாகிவிடும்.

அவற்றைப் பிரித்துக் காட்டுவது கிரேஸ் நோட். நடுவில் வேறொரு ஸ்வரம் ஒரு கணம் வெட்டிவிட்டு மறைகிறது. கேட்பவர் காதில் அது தனி ஸ்வரமாகவே விழாது. அடுத்த ஸ்வரம் புதிதாய்ப் பிறந்ததுபோல் இருக்கும்.

கிளாஸ்கோவில் ஒரு பேண்டின் புது மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு மாலை நான் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் தொடங்குவது பிராக்டிஸ் சான்டரில். பையும் கிடையாது, சுருதிக் குழல்களும் கிடையாது. வாயால் ஊதும் மெல்லிய குழல். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாத சன்னமான ஓசை. முன்பக்கம் ஏழு துளை, பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று, மொத்தம் ஒன்பது ஸ்வரம். இடது கை மேலே, வலது கை கீழே. துளைகளை விரல்நுனியால் குத்தி மூடக் கூடாது. விரலைத் தட்டையாக நீட்டிச் சதையால் மூட வேண்டும். வலது கையில் நடுக்கணுவின் சதை.

முதலில் கற்பது 'ஜி' கிரேஸ் நோட். கீழ் 'ஏ' ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வலது சுண்டுவிரல் மட்டும் மேலே, மற்றத் துளைகள் எல்லாம் மூடியிருக்கும். இப்போது இடது ஆள்காட்டி விரலை, அது கையோடு சேரும் மூட்டிலிருந்து தூக்கி உடனே வையுங்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு விரல் எழும்போது மற்ற ஏழும் பயந்துபோய்க் குழலை இறுக்கும். கட்டைவிரல் அழுத்தும், மணிக்கட்டு விறைக்கும். இறுகிய கையில் விரல் மந்தமாகத்தான் எழும். கிரேஸ் நோட் தடித்துப்போய் ஒரு முழு ஸ்வரமாகவே கேட்கும். அதனால் முதல் சில வாரங்களில் நான் பார்ப்பது அசையும் விரலை அல்ல, அசையாத விரல்களை.

சான்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பை இல்லாததால், மூச்சைச் சட்டென்று நிறுத்தி இரண்டு ஸ்வரங்களைப் பிரித்துவிடலாம். குழந்தைகள் இதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். மெட்டும் சரியாகவே ஒலிக்கும். ஆனால் பை கைக்கு வரும் நாளில் அந்தப் பழக்கம் எதற்கும் உதவாது. மூச்சு விட்ட இடத்தைப் பை நிரப்பிவிடும், ஸ்வரங்கள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஊதும் காற்று சீராக ஓட வேண்டும், பிரிப்பது விரலின் பொறுப்பு என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

நிற்கும் ஸ்வரத்தில் விரல் பழகியதும், மாறும் ஸ்வரத்துக்குப் போக வேண்டும். கீழ் 'ஏ'யிலிருந்து 'பி'க்குப் போகையில் இடது ஆள்காட்டியும் வலது மோதிரவிரலும் ஒரே கணத்தில் எழ வேண்டும். ஆள்காட்டி திரும்பி விழும், மோதிரவிரல் மேலேயே நிற்கும். மோதிரவிரல் முந்தினால் கிரேஸ் நோட்டுக்கு முன்பே 'பி' எட்டிப்பார்த்துவிடும். ஆள்காட்டி முந்தினால் பழைய 'ஏ' மறுபடி ஒலிக்கும். தாளத்தின் அடி விழ வேண்டிய இடம் அந்தக் கிரேஸ் நோட்தான் என்பதால் இந்தச் சின்னப் பிசகு தாளத்தையே மழுக்கிவிடுகிறது. ஆகஸ்ட் மாதம் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலகப் பைப் பேண்ட் போட்டி நடக்கும்போது கவனியுங்கள். ஒரு பேண்டில் அத்தனை பேருடைய ஆள்காட்டி விரலும் சேர்ந்து எழுந்தால்தான் மெட்டு தெளியும்.

இந்த நாட்டுப் பழைய வாத்தியக்காரர்கள் காகிதத்தில் எழுதும் வழக்கம் வருவதற்கு முன்பே மெட்டுகளை அசைகளாகப் பாடிச் சீடர்களுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலும் உயிரொலி ஸ்வரத்தைச் சொல்லும், மெய்யொலி விரலசைவைச் சொல்லும். வாயால் பாடும்போதுகூட அவர்கள் கிரேஸ் நோட்டை விடவில்லை. பாட்டு எப்போது வரும் என்று பொறுமையிழக்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

'ஜி'க்குப் பிறகு வலது ஆள்காட்டி எழுப்பும் 'டி', இடது மோதிரவிரல் எழுப்பும் 'ஈ'. மூன்றையும் ஒரே கீழ் 'ஏ'யின்மேல் வரிசையாகப் போட்டால் மூன்று 'ஏ' தனித்தனியாகக் கேட்க வேண்டும். மெட்ரோனோமை மிக மெதுவாக வைத்து, மூன்றும் ஒரே அளவில் கேட்கும் வரை வேகத்தைக் கூட்டவே கூடாது. அதன் பிறகே டபிளிங். 'ஜி' கிரேஸ் நோட், குட்டி 'ஏ', 'டி' கிரேஸ் நோட், மறுபடி 'ஏ' எல்லாம் ஒரே வீச்சில் வரும். மெதுவாக வாசித்தாலும் நான்கும் தெளிவாய்க் கேட்டால் அந்த மாணவருக்கு மெட்டு எழுதிய தாளை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.