பன்னிரண்டை யார் எண்ணியது?

உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பிஸ்கட் பெட்டியை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். மேலே 12 பொட்டலம் என்று போட்டிருந்தால் உள்ளேயும் 12 இருக்கும். ஒன்று குறைந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். சரியாக இருந்தாலோ, அதை எண்ணியது யார் என்று யோசிக்கவே மாட்டோம்.

தொழிலாளர்களைப் பற்றிய வானொலித் தொடர் ஒன்றுக்காக அண்மையில் கிள்ளான் பக்கம் ஒரு நொறுக்குத்தீனித் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். நம்மவர் குடும்பம் நடத்தும் நடுத்தரக் கம்பெனி. நான் படித்தது ஊடகத்துறை; மின்சாரம் என்றால் ஸ்விட்சைப் போடத் தெரியும், அவ்வளவுதான். அங்கிருந்த டெக்னீஷியன் அண்ணன் பேனல் கதவைத் திறந்து காட்டியபோது, உள்ளே பெரிய கணினி எதுவும் இல்லை. ஒரு கவுன்டர், சில ரிலேக்கள், நிறைய வயர்.

ரிலே எங்கள் தொழிலிலும் உண்டு. ஒலிபரப்பு அறையில் மைக்கைத் திறந்தவுடன் ஸ்பீக்கர் அடங்கும். கதவுக்கு வெளியே சிவப்பு விளக்கு எரியும். என் விரல் அந்த விளக்கைத் தொடுவதே இல்லை. சிறிய மின்னோட்டம் ஒன்று காயிலுக்குள் பாய்கிறது, காயில் காந்தமாகிறது, அது ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது, தகடு இன்னொரு சுற்றை மூடுகிறது. சிறிய மின்சாரம் பெரிய மின்சாரத்துக்கு உத்தரவு போடுகிறது. 1830களில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி காட்டிய வழி இது. தந்திக்கும் தொலைபேசி நிலையங்களுக்கும் பல காலம் உழைத்தது இதே ரிலேதான்.

பொட்டலம் கட்டும் லைனில் நடப்பதும் ஒரு சங்கிலிதான். பெல்ட்டில் வரும் பொட்டலம் சென்சாரைக் கடக்கும்போது ஒரு துடிப்பு பிறக்கிறது. கவுன்டர் அதை எண்ணுகிறது. 12 ஆனதும் தன் கான்டாக்ட்டை ஒரு கணம் மூடிவிட்டு மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. அந்த ஒரு கணத்தில் ரிலே தன் நிலையை மாற்றிக்கொள்கிறது. காற்று வால்வு திறக்க, சிலிண்டர் தடுப்புக் கதவை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளுகிறது. அடுத்த 12 பொட்டலங்கள் வலப்பக்கப் பெட்டிக்குப் போகும். அதற்குள் இடப்பக்கப் பெட்டியை எடுத்து ஒட்டிவிடலாம். லைன் நிற்பதே இல்லை.

கை கண்டுபிடித்த குறை

இதெல்லாம் பொருத்திய முதல் வாரத்திலேயே சிக்கல் வந்ததாம். கவுன்டர் 12 என்றது. சில பெட்டிகளில் 11தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அந்த லைனில் பல ஆண்டுகள் கையால் எண்ணிய ஓர் அக்கா.

"தூக்குனதும் தெரிஞ்சிருச்சும்மா, பெட்டி கனம் இல்ல. சூப்பர்வைசர் மெஷின் தப்பு பண்ணாதுன்னாரு. பிரிச்சுக் கொட்டிக் காட்டுனேன்."

மின்னும் உறைதான் காரணம். சுருக்கம் விழுந்த உறை ஒளியைத் திருப்பி அடித்தபோது, ஒரே பொட்டலத்தைச் சென்சார் இரண்டாகப் பார்த்தது. அண்ணன் கணக்குப் போட்டார். பெல்ட் வினாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. பொட்டலத்தின் நீளம் 18 சென்டிமீட்டர். அது கடக்க 0.36 வினாடி. அடுத்த பொட்டலத்தின் முனை வர 0.5 வினாடி. எனவே ஒன்றை எண்ணியபின் 0.4 வினாடிக்கு வேறு எதையும் எண்ணாதே என்று டைமர் வைத்தார். அதோடு 11 பிரச்சினை தீர்ந்தது.

எடை குறைந்த பொட்டலத்தை வெளியே தள்ளுவது இன்னும் சுவையான கதை. எடை பார்க்கும் இடத்துக்கும் தள்ளும் கைக்கும் இடையே 75 சென்டிமீட்டர். அதாவது 1.5 வினாடி. டைமர் போதுமே என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் சிரித்தார். பெல்ட்டின் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், 1.5 வினாடியில் பொட்டலம் 50 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். கைக்கு நேரே நிற்பது அதற்கு 25 சென்டிமீட்டர் முன்னால் போன நல்ல பொட்டலம். நல்லது வெளியே போகும். குறையுள்ளது கடைக்குப் போகும்.

அதனால் அவர்கள் நேரத்தை எண்ணுவதில்லை, தூரத்தை எண்ணுகிறார்கள். பெல்ட்டை ஓட்டும் சக்கரத்தின் பற்களை ஒரு சென்சார் பார்க்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் பெல்ட் 2.5 சென்டிமீட்டர் நகரும். எடை குறைந்தால் 30 பல் எண்ணியபின் தள்ளு, அவ்வளவுதான். பெல்ட் மெதுவாக ஓடினாலும் நின்றே போனாலும் கணக்குத் தவறாது.

ஆனால் அடுத்த பொட்டலமும் எடை குறைந்தால்? முதல் கணக்கு முடியும் முன்பே இரண்டாவது தொடங்க வேண்டும். ஒரு கவுன்டர் இரண்டையும் தாங்காது. இந்த இடத்தில்தான் பி.எல்.சி. தேவைப்படுகிறது. ரிலேக்கள் நிறைந்த பேனல்களை மாடல் மாறும்போதெல்லாம் மறுபடி வயர் செய்து அலுத்த ஜெனரல் மோட்டார்ஸ், 1968இல் மாற்று வழி கேட்டது. டிக் மோர்லியின் குழு உருவாக்கிய மோடிகான் 084 அடுத்த ஆண்டே வந்தது. ரிலே படம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன்கள் திணறாமல் இருக்க, பி.எல்.சி.யின் மொழியையும் ஏணி வடிவ ரிலே படமாகவே அமைத்தார்கள். ஆகவே ரிலே படித்தவரின் பாடம் வீணாவதில்லை.

கை வைக்கும் முன்

கவுன்டருக்கு மறதி கிடையாது. 11இல் நிற்கும்போது கதவருகே பொட்டலம் சிக்கியது என்று கையை விட்டால், அந்தக் கையே சென்சாரை மறைத்து 12 ஆக்கிவிடும். காற்றழுத்தத்தோடு கதவு பாயும். பெல்ட்டை மட்டும் நிறுத்தினால் போதாது. மின்சாரத்தை அடைத்துப் பூட்டி, காற்றையும் வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும். அவசர சிவப்புப் பொத்தானின் கான்டாக்ட் எப்போதும் மூடியே இருக்கும், அழுத்தினால் திறக்கும். வயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்பதற்கே அந்த ஏற்பாடு.

முன்பு ஒரு ஷிப்ட்டில் எண்ணுவதற்கு மட்டும் நான்கு பேர். இப்போது அந்த அக்கா ஒருவர். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவரை வேறு பகுதிக்கு மாற்றினார்கள், ஒருவர் வேலையை விட்டே போய்விட்டார். இதைச் சொல்லாமல் கருவியை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

அக்காவிடம், "உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்று கேட்டேன். "பயந்து என்னம்மா பண்றது? பேனல் படத்தைப் படிக்கக் கத்துக்குடுங்கன்னு முதலாளிகிட்ட கேட்டுட்டேன்" என்றார்.

அவர் கேட்டது சலுகை அல்ல. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப்புக்குப் பயிற்சி நிதியாகச் செலுத்துகிறார்கள். தொழிலாளர்களின் பயிற்சிக்கென்றே உள்ள பணம் அது. வேலை அனுபவத்தையே சான்றாகக் காட்டி எஸ்கேஎம் திறன் சான்றிதழ் பெறவும் வழியுண்டு; பிபிடி என்று விசாரித்தால் சொல்வார்கள். உங்கள் அம்மாவோ அண்ணனோ இப்படி ஒரு லைனில் நிற்கிறார் என்றால், இன்று இரவு சாப்பிடும்போது அவரிடம் இதைச் சொல்லுங்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆண்டுப் பயிற்சிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா?