செல்போனுக்குத் தடை: பலகை ஒன்று, காரணம் வேறு வேறு

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை 32-ல் போகும் அந்தப் பயணத்துக்குள்ளேயே பெட்ரோல் பங்க், ரசாயன ஆலை, ஆஸ்பத்திரி மூன்றும் வந்துவிடும். மூன்று இடத்திலும் செல்போனுக்குத் தடை உண்டு. ஆனால் காரணம் ஒன்றல்ல. அது தெரியாததால் எல்லாப் பலகையையும் ஒரே மாதிரி அலட்சியம் பண்ணிவிடுகிறோம்.

முதலில் பங்க். ஒரு பக்கம் தடைப் பலகை, பக்கத்திலேயே பணம் கட்ட க்யூஆர் அட்டை. எதை நம்புவது? அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிடியூட், பங்க்குகளில் நடந்த தீ விபத்துகளைத் தொகுத்துப் பார்த்தது. செல்போனால் பற்றியதாக ஒன்றுகூட உறுதியாகவில்லை. பெரும்பாலும் நிலைமின்சாரம்தான் காரணம். பெட்ரோல் ஆவி பற்ற கால் மில்லிஜூல் அளவு ஆற்றல் போதும். சீட்டில் உரசி இறங்கும் ஆளின் உடம்பில் 10,000 வோல்ட் சேர்ந்தால், அந்தப் பொறியில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். நம் கடலோர ஈரக்காற்றில் இது குறைவு என்பது ஓர் ஆறுதல். இன்ஜினை அணைப்பதும், நாசிலுக்குத் தள்ளி நின்று பணம் கட்டுவதும், போனில் கவனம் சிதறாமல் இருப்பதும்தான் இங்கே முக்கியம்.

அடுத்தது குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து சிப்காட். இங்கே விஷயமே வேற. 2021 மே 13 அன்று இங்குள்ள ஓர் ஆலை விபத்தில் 4 பேர் இறந்தார்கள். அது செல்போன் விபத்து அல்ல. எப்படிப்பட்ட இடம் என்பதற்காகச் சொல்கிறேன். எரியும் வாயு எப்போதும் இருக்கும் பகுதி மண்டலம் 0, வேலை நடக்கும்போது வரக்கூடிய பகுதி 1, கசிந்தால் மட்டும் வரும் பகுதி 2 என்று இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 5572 பிரிக்கிறது. சாதாரண போன் இந்த இடங்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. கீழே விழுந்து பேட்டரி நசுங்கினால் அதுவே நெருப்பு. பற்றவைக்கும் அளவு ஆற்றல் வெளிவராதபடி செய்து, சான்று பெற்ற போன்கள் தனியாக உண்டு. அது இல்லாதவர்கள் போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். உள்ளே போய் அணைத்துக்கொள்ளலாம் என்பது தப்பு.

ஊர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கசிவு என்றதும் வீடியோ எடுக்க முன்னால் ஓடாதீங்க. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போய், பிறகு போன் செய்யுங்கள். வீட்டு சிலிண்டர் கசிந்தாலும் இதேதான்: சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அழைக்க வேண்டும்.

கடைசியாக ஆஸ்பத்திரி. அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா என்றிருந்தது, இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்த ஆஸ்பத்திரி ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் தூரம்தான் கணக்கு. 1997-ல் பிரிட்டனில் சோதித்தபோது, 1 மீட்டர் தூரத்தில் செல்போனால் பாதித்த மருத்துவக் கருவிகள் 4 சதவீதம். அவசரப் பணியாளர்களின் வாக்கிடாக்கியால் 41 சதவீதம். சிக்னல் குறைந்த இடத்தில் போன் அதிக சக்தியோடு அலை அனுப்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வென்டிலேட்டர், மருந்து பம்ப் பக்கத்தில் நின்று பேசாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சட்டைப் பையில் போன் வைக்கக்கூடாது. குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறையில் மட்டும் போனை அணைத்தும் பயனில்லை. அங்கே ஆபத்து அலை அல்ல, காந்தம். ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். கூடப் போகிறவரும் போன், சாவி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.