கறிவேப்பிலைக்குப் போர்வை

டில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் கறிவேப்பிலைச் செடி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கைப்பிடி மண் கிடைத்தால் அதில் நடுவோம். மாடிக் குடியிருப்பானால் தொட்டியிலோ, பழைய நெய் டின்னிலோ வளர்ப்போம். ஜூன் மாதத்து அனற்காற்றையும் தாங்கி நிற்கும் அச்செடி, மார்கழிக் கடைசியிலோ தைப் பிறப்பிலோ ஒரே இரவில் கருகிவிடுவதுண்டு. குளிர்காற்று அடித்துவிட்டது என்று நாம் காற்றின்மேல் பழி போடுகிறோம். காற்றோ, அந்த இரவில் வீசியிருந்தால் செடியைக் காப்பாற்றியிருக்கும்!

இது சற்று விந்தையாகத் தோன்றலாம். பகலில் வெயிலிலிருந்து வாங்கிய உஷ்ணத்தைப் பூமி இரவில் வானவெளிக்கு விட்டுவிடுகிறது. மேகமோ மூடுபனியோ கவிந்திருந்தால் அதில் ஒரு பகுதி தரைக்கே திரும்பி வரும். காற்று வீசினால், சற்று உயரத்தில் தங்கியிருக்கும் வெதுவெதுப்பான காற்று கீழே இறங்கித் தரையோரக் குளிரோடு கலக்கும். இவ்விரண்டும் இல்லாத இரவில் இலையானது தன்னைச் சூழ்ந்த காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துபோகிறது. இலையின் உள்ளே அணுவறைகளுக்கு இடையிலுள்ள நீர் உறைந்து, அறைகளில் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்கிறது. காலை வெயில் பட்டதும் இலை வெந்நீர் ஊற்றினாற்போல் துவண்டு, பிறகு கருகிவிடுகிறது. நம் ஊர்ப் பனி புல்லை நனைக்கும். இது புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல் வெண்மையாகப் படியும். இதற்கு இவ்வூர் விவசாயிகள் ‘பாலா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். தமிழில் உறைபனி எனலாம்.

ஆகவே, எதிர்வீடே தெரியாதபடி மூடுபனி கவிந்திருக்கும் இரவுகளில் செடியைப் பற்றிய கவலை வேண்டாம். குளிர்கால மழை பெய்து ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் நிர்மலமாகி, பனிமலைப் பக்கத்திலிருந்து வீசிய வாடை மாலையில் சட்டென்று அடங்கினால், அன்றைய இரவுதான் செடிக்குக் கண்டம். பத்திரிகையில் 4 டிகிரி என்று கண்டு ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. அது தரைக்கு நாலடிக்கு மேல், நிழற்பெட்டிக்குள் வைத்த உஷ்ணமானி காட்டும் கணக்கு. அதே சமயத்தில் புல்தரையில் பூஜ்யமாகவே இருக்கக்கூடும்.

டில்லி ஸப்தர்ஜங் நிலையத்தில் 1935 ஜனவரி 16-ஆம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 0.6 டிகிரி பதிவாயிற்று. அதன் பிறகு அவ்வளவு கடுமையாக வந்தது 2006 ஜனவரி 8-ஆம் தேதி, அன்று 0.2 டிகிரி. பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அது. எனக்கு அந்த நாள் மறப்பதற்கில்லை. என் தாயார் 1998-ஆம் வருஷம் கும்பகோணத்திலிருந்து ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த கன்று, எங்கள் மொட்டை மாடிச் சிமெண்டுத் தொட்டியில் மார்பளவுக்கு வளர்ந்திருந்தது. அம்மா அப்போது காலமாகி ஓராண்டு கூட ஆகவில்லை. முந்தின நாள் பத்திரிகையைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருந்துவிடவில்லை. பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றைச் செடியின் தலைமேல் கவிழ்த்து, அடித்தண்டோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால், பிளாஸ்டிக் தொட்ட இலைகளே முதலில் கருகியிருந்தன.

செய்தவை இரண்டு தவறுகள். பிளாஸ்டிக் தானே விரைவில் குளிர்ந்து, தன்னை ஒட்டிய இலையையும் உறையவைக்கும். அதைவிடப் பெரிய தவறு தண்டோடு கட்டியது. போர்வைக்குச் சொந்தமாக உஷ்ணம் கிடையாது. மண்ணிலிருந்து எழும் உஷ்ணத்தைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. பூச்செண்டு போல் சுற்றிக் கட்டினால் அந்த உஷ்ணம் உள்ளே புகவே வழியில்லை. செடியைச் சுற்றி மூன்று மூங்கில் கழிகளை நட்டு, அவற்றின்மேல் பழைய வேட்டியையோ சாக்கையோ கூடாரம்போல் தரை தொடும்படி விரிக்க வேண்டும். பொழுது சாய்வதற்கு முன்பே மூடிவிட வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். நீலகிரித் தோட்டங்களில் புதர்த்தழைகளால் மலர்ச்செடிகளை மூடிவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த யுக்தி புதிதன்று.

தரையில் நட்ட செடிக்கு அன்று பிற்பகல் தண்ணீர் பாய்ச்சுவது நல்லது. ஈரமண் பகல் உஷ்ணத்தை அதிகமாக வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல மெல்ல விடும். கடுகும் உருளைக்கிழங்கும் பயிரிடும் விவசாயிகள் பனி இரவுகளில் வயலுக்கு நீர் பாய்ச்சுவது இதற்காகவே. தொட்டிச் செடிக்கு இந்த வைத்தியம் ஒத்துக்கொள்ளாது. குளிரில் வேர் அழுகும். தொட்டிகளைத் தெற்கு நோக்கிய சுவரோரம் நெருக்கி வைப்பதே போதும். பகல் வெயிலில் காய்ந்த சுவர் இரவில் கணப்பாக உதவும். பால்கனிக் கூரை கிடைத்தால் அதைவிட விசேஷம். வானம் மறைந்தாலே பாதி அபாயம் நீங்கிற்று. சருகைக் கொளுத்திப் புகை போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதனால் பயன் சொற்பம். மேலும் டில்லியில் சருகு எரிப்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ஆம் வருஷமே தடை செய்துவிட்டது. இருக்கிற புகை போதாதா!

மற்றச் செடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வாழையும் முருங்கையும் மேலே பட்டாலும் அடியிலிருந்து பெரும்பாலும் துளிர்த்துவிடும். மல்லிகை உறங்குமே தவிர, எளிதில் சாகாது. வெற்றிலைக் கொடியும் கனகாம்பரமும் வெகு சுகவாசிகள், உள்ளே கொண்டுபோய்விடுங்கள். துளசி எப்படியும் சோர்ந்துபோகும். கார்த்திகையிலேயே கதிரிலிருந்து விதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செடிக்கும் ஐப்பசிக்குப் பிறகு உரம் வேண்டாம். அதனால் வரும் இளந்தளிரைத்தான் பனி முதலில் தின்னும்.

நான் செய்த மூன்றாவது தவறுதான் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. கருகிய செடியைப் பொங்கலுக்கு முன் வீட்டில் வைத்திருக்க மனமில்லாமல், வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டேன். அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் அதை எடுத்து, வேரை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே ஈரமாக, வெண்மையாக இருந்தது. ஹோலிப் பண்டிகை வரையில் எந்தச் செடியையும் செத்ததாக எண்ணக் கூடாது, காய்ந்த கிளையைக்கூட வெட்டக் கூடாது என்றார். காய்ந்த கிளையே கீழே உள்ள உயிருக்கு ஓரளவு போர்வையாம். இமயமலை அடிவாரக் காடுகளில் கறிவேப்பிலை தானாகவே வளர்கிறது. குளிரில் இலை உதிர்த்துவிட்டு உறங்குவது அதற்குப் பழக்கந்தான் என்பதையும் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அம்மா அந்தச் செடியின் பக்கக்கன்று ஒன்றை ராமகிருஷ்ணபுரத்துச் சிநேகிதி ஒருத்திக்கு முன்பே கொடுத்திருந்தாள். அந்த மாமியிடம் போய், அதன் கன்றொன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். 2021 ஜனவரி முதல் தேதி, 1.1 டிகிரி குளிரில், வேட்டிக் கூடாரத்தையும் மீறி அதன் நுனிகள் கருகின. கத்தியை எடுக்கவில்லை. பங்குனி பிறந்து நாலாம் நாள், மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு துளிர் தலைகாட்டிற்று.